கதிரவெளிக்கு ஒரு ஆட்டப் பலகை

காலை ஐந்தரைக்குச் செட்டிபாளையத்தில் என் வீட்டு வாசலில் லொறி வந்து நின்றது. ஏற்ற வேண்டிய நாலு பலகைத் தட்டுகளையும் முதல் நாளே வேலியோடு சாய்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், நாலடி அகலம். மேலே முக்கால் அங்குலப் பலகை. கீழே நாலு அங்குலச் சட்டம். அடிப்பக்கம் திறந்தபடி, உள்ளே வெறுமை. நாலையும் தரையில் சேர்த்துப் போட்டால் பன்னிரண்டுக்கு எட்டு வரும். நாலு பேர் தாராளமாக ஆடலாம்.

லொறி காத்தான்குடிக் காசிம் காக்காவினுடையது. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கதிரவெளி வரை கூலி நாலாயிரத்து ஐந்நூறு. அங்கே கருவாடு ஏற்றிக்கொண்டு அவர் அன்றே திரும்புவார். நான் மறுநாள் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

"என்ன ஓடாவியார், கட்டிலா?" என்றார். மரவேலைக்காரனை எங்கள் பக்கம் ஓடாவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்ல காக்கா. ஆடுறதுக்கு."

"ஆரு ஆடுற?"

"கதிரவெளிப் புள்ளையள். அயர்லாந்து ஆட்டம்."

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒழுங்கான ரோட்டு இல்லாத ஊருக்கு மேடை போகுது. ஏத்துங்க, போவம்."

மகள் யோகா கதவடியில் நின்றாள். வருசக் கடைசியில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. அதனால் வரவில்லை. "அப்பா, சத்தம் வரவேணும். அதுதான் முக்கியம். மிஸ்ஸை நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

மிஸ் என்பது ஈலின் மிஸ். அயர்லாந்துக்காரி. சுனாமியில் கடல் வந்த பிறகு நிவாரண வேலைக்கு வந்தவர். இடையில் போனார், திரும்பி வந்தார். கடைசி ஒரு வருசம் கதிரவெளியில் வேலை. அங்கே ஐந்து பெண்பிள்ளைகளுக்குத் தன் ஊர் ஆட்டமும் குழலும் பழக்கினார். இப்போது சண்டை முடிந்து மூன்று மாதம். அவருடைய வேலையும் முடிந்தது. மறுநாள் கொழும்பு, அதற்கு மறுநாள் விமானம். போகுமுன் பிள்ளைகள் ஆடுவதைப் படம் பிடித்து, தன் ஊரில் இருக்கும் ஆட்டப் பள்ளிக்குக் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்துச் சம்மதித்தால் வருசாவருசம் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு ஆசிரியரை அனுப்புவார்கள். சம்மதிக்காவிட்டால் மிஸ்ஸோடு எல்லாம் முடிந்தது.

அந்த ஆட்டத்தில் காலின் சத்தம்தான் பாதிப் பாட்டு. சப்பாத்தின் அடியில் கட்டை இருக்கும். கடற்கரை மணலில் ஆடினால் கட்டை இருந்தும் பயன் இல்லை. அதற்குத்தான் இந்தப் பலகை.

ஆறேகால். கல்லடிப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். எதிர்ப்பக்க பஸ் வரும் வரைக்கும் நின்றோம். வாவி அசையாமல் கிடந்தது. இரண்டு தோணிகளில் வலை இழுத்தார்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 மார்கழியில் கடல் ஊரைத் தாண்டி வாவிக்குப் போனது. என் வீட்டு முன்கதவு வாவிக்கரைப் பற்றைக்குள் கிடைத்தது. நானே செய்த கதவு, முதிரை மரம். பிணைச்சல் மட்டும் பிடுங்கியிருந்தது. பலகையில் கீறல் இல்லை. மனைவி கிடைக்கவில்லை.

அந்தக் கதவைப் பள்ளிக்கூடத்து முகாமுக்குத் தூக்கிப் போய் மணலில் போட்டேன், படுப்பதற்கு. ஒரு மாதம் கழித்து ஈலின் மிஸ் கூடாரத் துணி கொடுக்க வந்தார். கதவின் மேல் ஏறி நின்று காலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஆடினார். ஒரு வெள்ளைக்காரப் பெண் கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், கால் மட்டும் பறக்க ஆடினார். முகாமே சிரித்தது. யோகாவுக்கு அப்போது பதினொரு வயது. தாய் போனதிலிருந்து அவள் ஒரு சொல் கதைக்கவில்லை. அன்று பின்னேரம் அவளும் கதவில் ஏறினாள்.

அந்த ஆறேழு மாதத்தை நினைத்தால் இப்போதும் நல்ல காலம் போலத்தான் இருக்கிறது. சொல்லக் கூச்சம். கையில் ஒன்றும் இல்லாத காலம் அது. ஆனால் பின்னேரம் நாலு மணிக்குக் கதவில் ஏறப் பிள்ளைகள் வரிசை நிற்பார்கள். மிஸ் குழல் ஊதுவார். நான் பள்ளிச் சப்பாத்துகளின் அடியில் முதிரைத் துண்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் சோறு தின்போம். வீடு கட்டித் தந்த பிறகு ஆளுக்கொரு வேலியும் படலையும் வந்துவிட்டன. கதவும் வீட்டுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அப்படி ஒன்றாக இருந்து தின்னவில்லை.

"என்ன ஓடாவியார், நித்திரையா?" என்று காக்கா கேட்டார். பஸ் தாண்டிப் போயிருந்தது.

"இல்ல. போங்க."

ஏழே முக்கால். வாழைச்சேனை. மட்டக்களப்பிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். தேத்தண்ணி பதினைந்து ரூபா, வாய்ப்பன் பத்து ரூபா. கடதாசி ஆலைப் புகைக்குழாயில் புகை இல்லை. துறையில் படகுகள் வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. கலியாணம் முடித்த வருசம் மனைவியோடு ரயிலில் இங்கே வந்தேன். இந்தத் துறையில்தான் பாரை மீன் வாங்கினோம். அவள் விலை பேசினாள். நான் பை பிடித்தேன். மீன்காரன் கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணன், நீங்க பேசியிருந்தா நான் பிழைச்சிருப்பன்" என்றான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏறினேன்.

ஓட்டமாவடியில் ரயிலுக்கும் ரோட்டுக்கும் ஒரே பாலம். அதைத் தாண்டினால் வடக்கே போகும் ரோட்டு. அதன் பிறகு நான் போனதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் அநேகம் பேர் போனதில்லை. பல வருசம் மூடிக் கிடந்த பாதை. தார் கொஞ்சம், கிடங்கும் குழியும் மிச்சம். இரண்டு பக்கமும் பற்றைக்காடு. இடையிடையே கூரை இல்லாத சுவர். சிவப்பு நாடா கட்டி, மிதிவெடி என்று பலகை நட்டிருந்தார்கள்.

ஒன்பது மணி. மாங்கேணிக்குக் கிட்ட காவலரண். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம். ஒரு சிப்பாய், சின்ன வயது, பலகையை விரலால் தட்டினான். பொள்ளென்று கேட்டது. அவன் முகம் மாறியது.

"மே மொகத?" என்று கேட்டான். இது என்ன என்கிறான்.

காக்காவுக்குச் சிங்களம் வரும். "நட்டன்ன சேர், நட்டன்ன" என்று சொல்லி, ஆடுவது போல இடுப்பை ஒரு தரம் அசைத்துக் காட்டினார். அறுபது வயது மனுசன். சிப்பாய் சிரிக்கவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். அடியில் ஒன்றும் இல்லை. நாலாவதைப் போட்டுவிட்டு அதன் மேல் சப்பாத்துக் காலோடு ஏறினான். இரண்டு தட்டுத் தட்டினான். இன்னும் இரண்டு.

"பைலாவா?" என்றான்.

"அது மாதிரித்தான் சேர்."

இப்போது சிரித்தான். "ஹரி, யன்ன" என்றான். போகலாம். திரும்ப ஏற்றுவதற்கு முக்கால் மணி போனது.

"என்ட இடுப்புக்குத் தனிக்கூலி" என்றார் காக்கா.

பனிச்சங்கேணிப் பாலத்தில் நடக்கிற வேகத்தில் போனோம். பழைய பாலம். வாகரை பத்தே முக்கால். கதிரவெளி பதினொன்றரை. எங்கள் ஊரிலிருந்து தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் அளவில். ஆறு மணித்தியாலம்.

ஊர் கடலோடு ஒட்டி இருக்கிறது. புதுத் தகரக் கூரைகள். பழைய சுவர்களில் பொத்தல்கள். பனைகள் சில தலை இல்லாமல் நின்றன. மிஸ் ஓடி வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கழுத்தில் வீடியோக் கமெரா தொங்கியது.

"ஓடாவியார், சுகமா? யோகா சுகமா?" அவருடைய தமிழ் முகாமில் பழகியது. அப்படியே இருந்தது.

"ஓம் மிஸ். உங்களைக் கேட்டவ."

"நாலு மணிக்கு எனக்கு வண்டி. அஞ்சுக்கு முன்னம் மாங்கேணிக் காவலரணைத் தாண்ட வேணும், பிறகு விடமாட்டாங்க. நேரம் கொஞ்சம்."

பிள்ளைகள் ஐந்து பேரும் வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்கள். பெரியவள் சுகந்தி. யோகாவின் வயது இருக்கும். ஒல்லி. ஒரு வருசமாக மணலிலும், கிணற்றடிச் சீமெந்திலும் முறை வைத்து ஆடிப் பழகினார்களாம். கிணற்றடியில் ஒருத்திக்குத்தான் இடம். நாலு பேராகச் சேர்ந்து ஆடித் தங்கள் காலின் சத்தத்தை அவர்கள் இன்னும் கேட்கவில்லை.

கோயிலடியில் திறந்த இடத்தில் நாலு தட்டையும் போட்டு ஆணி அறைந்து இணைத்தேன். சுகந்தியின் மாமன் தில்லையும் நாலைந்து மீன்பிடிகாரரும் உதவிக்கு வந்தார்கள். காக்கா கருவாடு ஏற்றப் போனார். சுகந்தியின் தாய் பாக்கியம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சோறு, சூடை மீன் குழம்பு, முருங்கைக்கீரை. நானும் மிஸ்ஸும் பிள்ளைகளும் சாப்பிட்டோம்.

இரண்டேகாலுக்குத் திரும்பி வந்தால், பலகையைச் சுற்றி அழகாக மண் அணைத்திருந்தது. ஈர மண் போட்டு, தடியால் அடித்து இறுக்கியிருந்தார்கள். தில்லை வேர்வையோடு நின்றார். சந்தோசமான முகம்.

சுகந்தி ஏறித் தட்டினாள். சத்தம் இல்லை. சாக்கில் அடித்த மாதிரி ஒரு தொம்.

நான் குனிந்து பார்த்தேன். "ஆரு உள்ளுக்கு மண் போட்டது?"

"நாங்கதான் அண்ணன்" என்றார் தில்லை. "ஒரு பக்கம் கிளப்பி, உள்ளுக்கு மட்டமா நிரப்பி இறுக்கினம். ஆடேக்க பலகை அசையப்படா எலுவா? கூத்துக் களரி இப்பிடித்தான் நாங்க போடுறம். எந்த ஆட்டக்காரனும் இந்த ஊர்க் களரியக் குறை சொன்னதில்ல."

பிழை என்னுடையது. நானும் கூத்துப் பார்த்து வளர்ந்தவன்தான். மண் மேட்டில் ஆடி, காற்சலங்கையில் சத்தம் வரும் ஆட்டம் அது. களரி போடத் தெரிந்த ஆட்களிடம் ஒரு மேடையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால் வேறு என்ன செய்வார்கள்.

"இது மேளம் மாதிரி அண்ணன். உள்ளுக்கு வெறுமையா இருக்கோணும்."

"அப்ப மேளத்துக்கு மேல ஏறி ஆடுறதா?"

"ஓம்."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன? முதுகு முறிஞ்சு போச்சு." பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "கையையும் ஆட்டப்படாதாம், மண்ணும் வேணாமாம். என்ன ஆட்டமோ" என்றார். ஆனால் பலகையைக் கிளப்ப அலவாங்கை முதலில் எடுத்தவரும் அவர்தான்.

அப்போது பாக்கியம் வந்தார். "கிடக்கட்டும் அண்ணன்" என்றார். "மண்ணோடயே ஆடட்டும். காணும்."

"சத்தம் வராது தங்கச்சி."

"வராட்டிப் பரவாயில்ல."

"மிஸ்ஸுட ஆக்கள் சத்தத்தைத்தான் கேப்பாங்க. கேட்டாத்தான் ரீச்சர் வருவா."

பாக்கியம் மகளைப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போய்ப் பெண்களோடு இருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை. நேரத்தைத்தான் பார்த்தேன்.

இணைத்ததைக் கழற்றி, மண்ணை வாரி, திரும்பப் போட்டு முடிக்க மூன்றேகால். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. மிஸ் கமெராவைப் பிடித்தார். ஒரு பிள்ளை ஓரத்தில் நின்று குழல் ஊதினாள். நாலு பேர் ஏறினார்கள். கை உடம்போடு. முகம் நேரே.

தொடங்கினார்கள்.

நல்ல சத்தம். நான் செய்த பலகையில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. எட்டுக் கட்டைச் சப்பாத்து ஒன்றாக விழுந்தது. பிறகு வேகம் எடுத்தது. டக டக டக டக.

பாக்கியம் எழும்பிவிட்டார். பக்கத்தில் இருந்த குழந்தையை, யாருடைய குழந்தை என்று பார்க்காமல் தூக்கினார். ஓடினார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். ஒரு கிழவர் இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்தார். தில்லை ஓடவில்லை. ஆனால் இரண்டு கையும் தலையில் இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. 2006இல் சண்டையில் இந்த ஊரில் பீரங்கிச் செல் விழுந்தது. சுகந்தியின் தகப்பன் அதில்தான் போனவர்.

ஆட்டம் நின்றது. குழலும் நின்றது. மிஸ் கமெராவை இறக்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது. "வேணாம்" என்றார். "நான் பிழை. பெரிய பிழை. காணும் பிள்ளையள். வீட்டுக்குப் போங்க." அவர் பையை எடுக்கத் தொடங்கினார்.

சுகந்தி பலகையால் இறங்கினாள். கட்டைச் சப்பாத்தோடு மணலில் நடந்து வீட்டுப் பின்பக்கம் போனாள். நானும் போனேன். அங்கே முந்தி வெட்டிய பதுங்கு குழி, மேலே மூடிய மரக்குற்றிகள் ஓரமாகச் சரிந்தபடி கிடந்தது. உள்ளே பாக்கியம் குழந்தையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"அம்மா, நான்தான். என்ட கால்தான்."

"தெரியும் புள்ள. தெரியும். தெரிஞ்சும் கால் ஓடிற்று."

சுகந்தி ஒரு சப்பாத்தைக் கழற்றித் தாயிடம் நீட்டினாள். பாக்கியம் வாங்கினார். அடியைப் பார்த்தார். விரலால் தடவினார். பக்கத்தில் கிடந்த குற்றியில் ஒரு தரம் தட்டினார். டக். தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. இன்னொரு தரம் தட்டினார். இந்த முறை தோள் அசையவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"நாலு மணிக்கு மிஸ் போயிருவா எலுவா?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு நிக்கிற? நட."

பாக்கியம் வந்து கூட்டத்தோடு இருக்கவில்லை. பலகையின் ஓரத்திலேயே குந்தி, உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். "கையில தெரியட்டும்" என்றார். ஓடிய பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை.

சுகந்தி ஏறினாள். "இப்ப ஒண்டு" என்று சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். "இப்ப ரெண்டு." தட்டினாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டினாள். குழல் தொடங்கியது. மெதுவாக ஆடினார்கள். வேகம் எடுக்கும் இடம் வந்தது. "வருது!" என்று சுகந்தி கத்தினாள். வந்தது. பெண்கள் கண்ணை இறுக மூடினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடியும் மெதுவான இடம். மறுபடியும் "வருது!" நாலு தரம் கத்தினாள். நாலாம் தரம் ஊரும் சேர்ந்து கத்தியது. தில்லைதான் எல்லோருக்கும் மேலாகக் கத்தினார்.

அந்த ஆட்டத்தில் ஆடுகிறவர் வாய் திறக்கக் கூடாது. யோகாவுக்கே மிஸ் அதற்கு ஏசியிருக்கிறார். அன்று ஏசவில்லை. முடியும் வரைக்கும் கமெராவை இறக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை.

நாலு மணி ஐந்து நிமிசத்துக்கு மிஸ்ஸின் வண்டி போனது. பிள்ளைகள் ரோட்டு வரைக்கும் ஓடினார்கள். ஏறுமுன் மிஸ் என்னிடம் கையைத் தந்து, "கதவு இருக்கா, ஓடாவியார்?" என்று கேட்டார். "இருக்கு மிஸ். புதுப் பிணைச்சல் போட்டு வீட்டு வாசல்ல பூட்டியிருக்கு" என்றேன். நாலரை வருசத்துக்கு அது போதும்.

படம் அங்கே போய், மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. சம்மதம். ஒரு ஆசிரியை வருவார். வேகம் எடுக்குமுன் அந்தப் பிள்ளை ஏதோ கத்துகிறாளே, அது என்ன, தாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தார்களாம். மிஸ் என்ன எழுதினாரோ தெரியாது.

ஆட்டத்துக்கு மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வாழைச்சேனை பஸ். ஐம்பத்தைந்து ரூபா. புளியமரத்தடியில் நின்றேன். பாக்கியம் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வேலியடியிலும் நின்று, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"புள்ளையள் ஆடப்போகுது கா. ஆரும் ஓடாதீங்க."

உள்ளேயிருந்து, "ஆ, சரி கா" என்று பதில் வரும். அடுத்த வேலிக்குப் போவார். நேற்று வராத இரண்டு பேரின் வேலியடியில் கொஞ்சம் கூட நேரம் நின்றார்.

என்னிடம் வந்ததும், "காலையிலேயேவா தங்கச்சி? மிஸ்தான் போயிற்றாவே" என்று கேட்டேன்.

"நாளாந்தம் ஒருக்கா ஆடினாத்தான் அண்ணன் பழகும்."

"அதுகள் நல்லாத்தானே ஆடுதுகள்."

"அதுகளுக்கில்ல. எங்களுக்கு."

பஸ் வந்தது. ஏறி இருந்தேன். வெளிக்கிடும்போது கோயிலடியிலிருந்து சத்தம் கேட்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா, அடுத்த ஊர்க்காரி போல, சட்டென்று குனிந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் கை வைத்து, "ஒண்டுமில்ல, பாக்கியத்திட புள்ள" என்றார்.

செட்டிபாளையத்தில் யோகா ஆடினால் ஒருவரும் ஓடுவதில்லை. எங்களுக்கு வேறு பயம். கடல் சத்தம் குறைந்தால், திரும்ப வரப் பின்வாங்குகிறதோ என்று சோற்றுக் கோப்பையோடு எழும்பி வாசலில் வந்து நிற்போம். பாக்கியத்தைப் போல வேலி வேலியாக நின்று முன்கூட்டிச் சொல்லிப்போக, கடலுக்கு ஒருவரும் இல்லை.